செய்தியும் சார்பும்

திருத்தணிகை மலைப்படி தொடங்குமிடத்தை அடுத்த தெருவொன்றில் முதியவர் ஒருவர் வாழ்கின்றார். 1936ஆம் ஆண்டிற் பிறந்தவர். தமிழாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். தீக்கை பெற்றுச் சிவபூசை செய்து வருபவர். அவர்தம் இல்லக்கிழத்தியார் 2022ஆம் ஆண்டு மார்கழித் திங்களிற் சிவபதம் எய்தினார். மக்கள் இருவரும் பிழைப்பின் பொருட்டு வேற்றூர்களில் உள்ளனர். வைகறையில் எழுந்து நீராடித் திருநீறணிந்து, பூசை முடித்துத் திருமுறை ஓதியபின், அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டு கூடத்தில் அமர்ந்து உரத்த குரலிற் படிப்பார். கேட்பார் ஒருவரும் இலர். பால் கொண்டுவரும் பெண், "உறவுக்காரர் யாராவது வந்திருக்கிறார்களா தாத்தா?" என்று ஒருநாள் வினவினாள். அவர் விடை சொல்லாது பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார்.

உரத்துப் படித்தல் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம். அம்மையார்க்குத் தமிழெழுத்துத் தெரியாது. அவர் இவருக்கு அம்மான் மகள். நகரியை அடுத்த சிற்றூரில் தமிழ்க் குடியிற் பிறந்தவர். வீட்டிற் பேசியது தமிழ், பள்ளியிற் கற்றது தெலுங்கு. எல்லைப்புறத்துக் குடிகள் பலவற்றின் நிலை அக்காலத்தில் அதுவே. நாவுக்கு ஒரு மொழி, கைக்கு மற்றொன்று. வடவெல்லைக் கிளர்ச்சியார் எடுத்துக்காட்டிய குறைகளுள் இதுவும் ஒன்று. தமிழாசிரியராகிய கணவர்க்கோ இது பெருநாணம். மணமான புதிதிற் பலகையும் எழுதுகோலும் வாங்கிவந்து அகரத்திலிருந்து தொடங்கினார். அம்மையார் தம் பெயரை எழுதுமளவு கற்று, அதன்மேற் செல்லவில்லை. "நீங்கள் படியுங்கள் மாமா, நான் கேட்கிறேன், எனக்குக் காது இருக்கிறதே" என்று சொல்லிவிட்டார். அன்று தொடங்கியது இந்தப் படிப்பு.

1-10-1953இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது, சித்தூர் மாவட்டத்தின் பகுதியாகிய திருத்தணியும் அதனோடு சென்றது. அப்போது அவர்க்கு அகவை பதினேழு. ம. பொ. சிவஞானம் அவர்கள் தலைமையில் நிகழ்ந்த எல்லைக் கிளர்ச்சியும், ஊர் ஊராய்ச் சென்று தமிழ் கற்பித்த மங்கலங்கிழார் அவர்கள் ஊட்டிய உணர்ச்சியும் அவ்விளைஞரை ஈர்த்தன. சுவரொட்டி ஒட்டினார், துண்டறிக்கை சுமந்தார், தொல்காப்பியப் பாயிரம் கூறும் வேங்கட எல்லையை மேடைகளில் முழங்கினார். படாஸ்கர் அவர்களின் நடுவுநிலைமையில் உடன்பாடு ஏற்பட்டு, 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறி, 1-4-1960இல் திருத்தணியும் 300க்கு மேற்பட்ட ஊர்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. சென்னை மாநிலத்து ஊர்கள் சில ஆந்திரத்திற்குச் சென்றன. நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன.

அச்செய்தியைக் கடைத்தெரு வானொலியிற் கேட்டவுடன் அவர் வீட்டிற்கு ஓடி வந்து மனைவியாரிடம் கூறினார். அம்மையார் அடுப்பிலிருந்ததைக் கிளறிக்கொண்டே, "நகரி?" என்று ஒரு சொல் கேட்டார். "அது அங்கேதான்" என்று சொல்லிவிட்டு, நண்பரோடு ஊர்வலத்திற்குப் போய்விட்டார் இவர். திரும்பியபோது நள்ளிரவு. அம்மையார் முகம் எவ்வாறிருந்தது என்பதை அவர் அன்று நோக்கவில்லை. பின்னும் கேட்டதில்லை. பொன்பாடியைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். இருப்புப்பாதையைப் பெயர்த்தெடுத்தாரும் இல்லை. வேண்டும்போது போய்வரலாம் என்பது அவர் எண்ணம். அந்த ஒரு சொல்லின் பின்னே தாய்வீடு முழுதும் நின்றிருந்தது என்பது இப்போதுதான், விடைகூற அவர் இல்லாதபோதுதான், இவர்க்குப் புலனாகின்றது.

வீட்டிற்கு வானொலிப் பெட்டி சில ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது. அதனை வைத்திருப்பதற்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டிய காலம் அது. சென்னையில் 1938ஆம் ஆண்டு சூன் 16இல் அகில இந்திய வானொலி நிலையம் திறக்கப்பட்டபோது வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருள். திரான்சிஸ்டர் வந்தபின் ஆசிரியர் வீட்டிலும் அது நுழைந்தது. காலை ஏழே காலுக்குத் தில்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியைக் கேட்டபின்னரே உணவு. சரோஜ் நாராயணசுவாமி அவர்களின் குரல் அவ்வீட்டில் உறவினர் குரல்போல் ஒலித்தது. செய்தி முடிந்ததும் ஆசிரியர் வீற்றிருந்தபடியே அமைச்சரைக் கடிவார், கட்சிகளை நிறுப்பார், தேர்தற் காலமாயின் உண்கலத்தின் முன்னும் கை ஓங்கும். ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் என்று பள்ளியிலும் சைவசபையிலும் படிகத்தை உவமை காட்டி விரித்துரைத்தவர் அவரே. தம் படிகம் நாடோறும் ஏழே காலுக்கு எந்நிறம் கொண்டது என்பதை மட்டும் நோக்கினாரில்லை. பிறர்க்குச் சொல்லும் சித்தாந்தம் தமக்கு எட்டுதல் யாவர்க்கும் அரிதே.

அம்மையார் செய்தி கேட்ட முறை வேறு. அமைச்சரவை மாற்றம் அவர் செவியில் நுழைந்து அவ்வழியே சென்றுவிடும். இறந்தார், மடிந்தார், மூழ்கினார் என்னும் சொல் வந்தால் மட்டும் வலக்கையை உயர்த்துவார். படித்துக்கொண்டிருப்பவர் நிறுத்தவேண்டும், வானொலியாயின் அதனைத் தணிக்கவேண்டும். "திருச்சிற்றம்பலம்" என்று தொடங்கி ஒரு பதிகம் பாடுவார். முழுதும் பாடுவார். அதன் பின்னரே அடுத்த செய்தி. 1964ஆம் ஆண்டு மே 27இல் நேரு அவர்கள் மறைந்தபோதும் அவ்வாறே. அவ்வாண்டு திசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த பெரும்புயலில் தனுட்கோடி அழிந்து, பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி அலைவாய்ப்பட்ட செய்தி வந்தபோதும் அவ்வாறே. கும்பகோணத்துப் பள்ளியில் 2004ஆம் ஆண்டு சூலைத் திங்களிற் குழந்தைகள் 94 பேர் தீக்கிரையான செய்தியன்று, பாடத் தொடங்கியவர் இடையில் நின்றுவிட்டார். அன்று மட்டுமே பதிகம் முற்றுப்பெறவில்லை. ஆசிரியர்க்கு இவ்வழக்கம் பல நாளும் எரிச்சலையே விளைத்தது. "உலகத்திற் சாவாத நாள் உண்டோ? செய்தித்தாளை முடிப்பது எப்போது?" என்பார்.

சைவ நன்மக்கள் இவ்விடத்துத் திலகவதியம்மையாரை நினைத்தல் கூடும். வடபுலத்துப் போருக்குச் சென்ற கலிப்பகையார் மாண்டார் என்ற செய்தி திருவாமூருக்கு வந்தது. அதன்முன் தந்தையார் மறைந்தார். தாயார் உடன் சென்றார். மூன்றாவதாக வந்த செய்தி அது. உயிர்விடத் துணிந்த அம்மையார் தம்பியார் பொருட்டு உயிர் தாங்கினார். சேக்கிழார் பெருமான் கூறும் வரலாற்றில், அம்மையார் போரில் யார் வென்றார் என்று வினவியதாக ஒரு சொல்லும் இல்லை. திருவதிகைத் திருக்கோயிலில் அலகிடுதலும் மெழுகிடுதலும் மலர்த்தொண்டுமாக அவர் வாழ்வு சென்றது. செய்தி அங்கே பணியாயிற்று. இவ்வரலாற்றை மாணவர்க்கு ஆண்டுதோறும் பாடம் சொன்ன ஆசிரியர், தம் வீட்டில் உயர்ந்த வலக்கையை இதனோடு இணைத்துப் பார்த்ததில்லை.

அரசியலில் அம்மையார் தாமே கருத்துரைத்தது அரிது. அவர் கூறிய ஒன்றை இம்முதியவர் இப்போது அடிக்கடி எண்ணுகின்றார். திருத்தணியில் 1888ஆம் ஆண்டு செப்தம்பர் 5இல் பிறந்த இராதாகிருட்டிணன் அவர்கள் 1962ஆம் ஆண்டு மே 13இல் குடியரசுத் தலைவராய்ப் பதவியேற்றார். தணிகைப்பதி பெருமிதம் கொள்ளாதிருக்குமோ? அவர்தம் தத்துவ நூலிற் சைவசித்தாந்தத்திற்கு ஓர் இடம் தந்தது பற்றி ஆசிரியர்க்கு மகிழ்ச்சி. அவ்விடம் சிறிது என்பதும், அவர் நெஞ்சம் வேதாந்தத்திற் சாய்ந்தது என்பதும் பற்றிக் குறையும் உண்டு. அவற்றையெல்லாம் அம்மையாரிடம் விரித்துக் கூறிக்கொண்டிருந்தார். அப்பெரியாரின் மனைவியார் சிவகாமு அம்மையார் 1956ஆம் ஆண்டு நவம்பர் 26இல் மறைந்தவர். இதனையும் கேள்வியால் அறிந்திருந்த அம்மையார், "அவ்வளவு பெரிய மாளிகை. அத்தனை செய்தியையும் இராத்திரி யாரிடம் போய்ச் சொல்லுவார், பாவம்?" என்றார். ஆசிரியர் நகைத்தார்.

அப்பெரியார் பதவி நீங்குமுன், 1967ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் குடியரசு நாள் முன்னிரவு வானொலி உரையில், அரசாங்கத்தின் திறமைக் குறைவையும் நாட்டு வளம் சீர்கேடாக ஆளப்படுவதையும் ஒளியாது கடிந்தார். அவ்வுரை பற்றிய வாதம் பல நாள் நிகழ்ந்தது. ஆசிரியரும் வாதித்தார். இன்று அவர்க்கு அவ்வாதத்திற் பெரும்பகுதி மறந்துபோயிற்று. அம்மையார் கேட்ட கேள்வி மறக்கவில்லை. செய்தி என்பது அறிவதற்கு மட்டும் உரியதாயின், தனித்திருப்பவர்க்கும் அது போதும்; சொல்லுதற்கும் உரியதாகலின், கேட்பார் இல்லாதபோது பாதியாய் நின்றுவிடுகின்றது.

பதினாறாம் நாட் கருமம் முடிந்தபின், அம்மையாரின் பெட்டியிலிருந்து தடித்த குறிப்பேடு ஒன்று கிடைத்தது. முழுதும் தெலுங்கெழுத்து. ஆசிரியர் அதனை மலையடிவாரத்திற் பூ விற்கும் நகரிப் பெண்ணிடம் காட்டினார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்து, "இது தமிழ்ப்பாட்டு ஐயா! எழுத்துத்தான் எங்கள் எழுத்து" என்றாள். கணவர் ஓதக் கேட்டுக் கேட்டு, பதிகங்கள் பலவற்றை அம்மையார் தமக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி வைத்திருந்தார். வடவெல்லைக்காகத் தெருவில் முழங்கியவர், தம் இல்லத்துக்குள்ளேயே தமிழ்மறை தெலுங்கெழுத்தில் வாழ்ந்ததை அறியாதிருந்தார்.

அவர் அவ்வெழுத்தைக் கற்கத் தொடங்கினார். பூக்காரப்பெண்ணே ஆசிரியை. முதல் வியப்பு ஒலிபற்றியது. தமிழில் ககரத்திற்கு எழுத்து ஒன்றே. வல்லென்று ஒலிப்பதும் மெலிந்து ஒலிப்பதும் இடத்தால் அறியப்படும். தெலுங்கில் அவற்றிற்குத் தனித்தனி எழுத்துண்டு. ஆகவே அம்மையார் ஒவ்வொரு சொல்லையும் தாம் எவ்வாறு ஒலித்தாரோ அவ்வாறே எழுதியிருந்தார். ழகரத்திற்கு இக்காலத் தெலுங்கு நெடுங்கணக்கில் எழுத்து வழங்காமையின், ளகரத்தின்கீழ் ஒரு புள்ளியிட்டுக்கொண்டார். சிவம் என்னும் சொல்லைத் தெலுங்கு வழக்கிற்கேற்ப வடமொழிச் சகரத்தால் எழுதியிருந்தார். "தமிழ்ச் சகரமாகச் சொல்" என்று இவர் எப்போதோ கடிந்திருக்கவேண்டும், ஓரிடத்தில் அது அடிக்கப்பட்டுத் தமிழொலிக்கு அணித்தாகிய எழுத்து மேலே எழுதப்பட்டிருந்தது. ஏழெட்டு ஏடுகள் அவ்வாறே சென்றன. அதன்பின் பழைய எழுத்தே மீண்டும் வந்துவிட்டது. அதனைக் கண்டபோது, மனைவியார் மறைந்தபின் முதன்முறையாக அவர் சிரித்தார்.

வாக்கு நால்வகை என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. பிறர் செவிக்குக் கேட்பது வைகரி; சொல்வடிவு உள்ளே ஒழுங்குபட்டு, பிறர் செவிக்கு எட்டாது நிற்பது மத்திமை. வானொலி எவ்வளவு தொலைவு சென்றாலும் தருவது வைகரியே. இவ்வேட்டைக் கண்ணால் எழுத்துக்கூட்டும்போது தம்முள்ளே கேட்பது யாருடைய மத்திமை என்று முதியவர் ஐயுற்றார். நினைவு அந்தக்கரணத்தின் தொழில். அந்தக்கரணம் மாயையின் காரியம். சென்ற உயிர் தன் வினைக்கேற்பத் திருவருள் செலுத்தும் வழியிற் சென்றது. அஃது இவ்வேட்டில் இல்லை. இவை யாவும் அவர்க்குத் தெரியும். தெரிந்தும் நாடோறும் ஏடு திறக்கப்படுகின்றது. இது பாசம் என்று ஒருநாள் மூடி வைத்தார். திறந்தாற் கிடைப்பது பதிகமாயிற்றே என்று மறுநாள் எடுத்தார். இவ்வழக்கு அவருள் இன்னும் தீரவில்லை.

பதிகங்கள் சிலவற்றின் ஓரத்தில் நாட்குறிப்பு இருந்தது. நேரு மறைந்த நாளுக்கு நேரே காரைக்காலம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம். ஆலங்காடு அண்மைத் தலமாதலின் அம்மையார்க்கு அது பழகிய பாட்டு. புகைவண்டி கடலுட் போன செய்திக்கு நேரே, கல்லோடு பிணிக்கப்பட்டுக் கடலில் இடப்பட்ட அப்பர் பெருமான் அருளிய நமச்சிவாயத் திருப்பதிகம். அம்மையார் கேட்டதைக் கேட்டவாறே பாடியவர் அல்லர், தேர்ந்து பாடினார். முதியவர் 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளைத் தேடினார். ஏடு தொடங்குவதே 1964இல். அதற்கு முன்னையது இல்லை.

2023ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள் மாலை, ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்துப் பகநாக நிலையத்தருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி விபத்திற்குள்ளாகி 290 பேர்க்கு மேல் மாண்டனர். மறுநாட் காலை முதியவர் வழக்கம்போல் உரத்துப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வரியில் அவர் வலக்கை தானே உயர்ந்தது. செய்தித்தாளை மடித்து வைத்தார். பெட்டியிலிருந்து ஏட்டை எடுத்து, 23-12-1964 என்று ஓரத்தில் எழுதியிருந்த பக்கத்தை விரித்து, "திருச்சிற்றம்பலம்" என்று தொடங்கினார். நமச்சிவாயத் திருப்பதிகம் அவர்க்கு இளமை முதல் மனப்பாடம். ஆயினும் நினைவினின்று பாடாமல், எழுத்தின்கீழ் விரல் வைத்து, புள்ளியிட்ட ளகரத்தை ழகரமாக்கி, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பாடினார். பத்துப் பாடலும் முடியும்போது வெயில் முற்றத்தை விட்டுக் கூடத்திற்கு வந்துவிட்டது. செய்தித்தாளின் மற்றைப் பக்கங்கள் அன்று படிக்கப்படவில்லை.