பத்து ரூபாய்க் குஞ்சுகளும் நம் பொறுப்பும்



பச்சை, ரோஜா, ஊதா எனச் சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகளைக் கூடையில் நிரப்பிக்கொண்டு நல்லம்பள்ளியின் தெருக்களில் விற்க வருவோரை இவ்வூரார் அனைவரும் அறிவர். பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் ஓர் உயிர். பிள்ளை அழுதால் தாய் வாங்கிக் கொடுத்துவிடுகிறாள். முதல் நாள் வீடெங்கும் கீச்சொலி. மூன்றாம் நாள் காலையில் குஞ்சு விறைத்துக் கிடக்கிறது. “அல்லாஹ் நாடியது அவ்வளவுதான், அழாதே, வேறு வாங்கித் தருகிறேன்” என்று பிள்ளையைத் தேற்றுகிறார்கள்.

கத்ரின் மீது ஈமான் கொள்வது கடமை. அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அக்குஞ்சு எதனால் இறந்தது என்று கேட்டால் விடை மிக எளியது. பெரும்பாலும் குளிரால் இறந்தது. குளிரைப் போக்குவது நம் கைக்கு எட்டிய காரியம்.

இக்குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பெற்றோர் பலர் அறியார். நாமக்கல் வட்டாரத்தின் முட்டைக் கோழிப் பண்ணைகளுக்குப் பெட்டைக் குஞ்சுகள் மட்டுமே தேவை. பொரிப்பகத்தில் முட்டை உடைந்த அன்றே ஆண், பெண் எனப் பிரித்துவிடுகிறார்கள். ஆண் முட்டையிடாது, கறிக்கோழி இனத்தைப் போல விரைந்து எடை கூடவும் கூடாது. ஆதலால் அதற்கு விலையில்லை. உலகெங்கும் இத்தகைய ஆண் குஞ்சுகள் பிறந்த நாளிலேயே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் இதைச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. நம் நாட்டில் அவற்றில் ஒரு பகுதி சாயத்தில் முக்கப்பட்டுத் தெருவுக்கு வருகிறது. விற்பவர் பெரும்பாலும் அன்றாடம் உழைத்துப் பிழைக்கும் ஏழை. அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வாங்கியவரின் பொறுப்பைப் பற்றியே பேசுகிறோம்.

சென்ற மார்கழியில் நம் மக்தபின் பிள்ளைகள் ஆளுக்கொன்றும் இரண்டுமாக வாங்கிய குஞ்சுகள், எண்ணிப் பார்த்தபோது பன்னிரண்டு இருந்தன. தருமபுரிப் பகுதியின் மார்கழி இரவு எப்படிப்பட்டது என்பதைச் சுபுஹுக்கு ஒளு செய்பவர் அறிவார். தனித்தனி வீடுகளில் தனித்தனியே சாவதைவிட ஓரிடத்தில் சேர்த்து வளர்ப்போம் என்று மதரஸாவின் பின்னறையில் ஒரு புரூடர் அமைத்தோம். புரூடர் என்பது பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. தாய்க்கோழியின் இறக்கைக்கு மாற்று. தாய்க்கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி. குஞ்சின் மேலிருப்பது பஞ்சு மட்டுமே, இறகன்று. முதல் இரண்டு மூன்று வாரம் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு முழுமையாக இல்லை.

பழைய தகரத் தகடு ஒன்றை வளைத்து, இரண்டரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள வட்டமாகக் கட்டினோம். சதுரமான அட்டைப்பெட்டியைப் பலர் பயன்படுத்துவர். அதில் மூலை இருக்கிறது. குளிரெடுத்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அடியில் உள்ளவை மூச்சுத்திணறி இறக்கும். வட்டத்துக்கு மூலையில்லை. தரையில் இரண்டு அங்குலம் நெல் உமி பரப்பினோம். மேலே பூனைக்கும் எலிக்கும் தடையாக ஒரு பழைய பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதன் உச்சியிலிருந்து இரண்டு 40 வாட்ஸ் பல்புகளைக் குஞ்சுகளுக்கு ஓர் அடி மேலே தொங்கவிட்டோம். குஞ்சுக்கு இரண்டு வாட்ஸ் என்பது பண்ணைக் கணக்கு. பன்னிரண்டுக்கு ஒரு பல்பே போதும் என்று அக்கணக்கு சொல்லும். ஆனால் சிறு கூட்டம் விரைவில் சூட்டை இழக்கும், ஒரு பல்பு நள்ளிரவில் எரிந்துபோனால் உதவிக்கு மற்றொன்று வேண்டும். குண்டு பல்பு கிடைப்பதே இப்போது அரிதாகிவிட்டது. கடைக்காரர் எல்இடி பல்பைத்தான் நீட்டுவார். அது வெளிச்சம் தரும், போதிய சூடு தராது. கேட்டு வாங்குக.

முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து வரலாம். வெப்பமானி இல்லாத வீட்டில் குஞ்சுகளே வெப்பமானி. பிள்ளைகளை முறைவைத்துக் காவல் இருத்தி, இதைத்தான் கற்றுக்கொடுத்தோம். பல்புக்கு நேர் கீழே நெருக்கியடித்துக் கூச்சலிட்டால் சூடு போதவில்லை, பல்பை இறக்கு. சுவரோரம் ஒதுங்கி வாய்பிளந்து மூச்சு வாங்கினால் சூடு மிகுதி, உயர்த்து. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது, அதை அடை. ஆங்காங்கே பரவி, தின்று, படுத்து, மெல்லக் கீச்சிட்டால் சரியான சூடு. இரண்டே நாளில் எட்டு வயதுப் பிள்ளை சத்தத்தைக் கேட்டே, “ஹஜ்ரத், குஞ்சுக்குக் குளிருது” என்று ஓடிவந்தது. பேசத் தெரியாத ஓர் உயிரின் தேவையைக் கேட்டறியும் காது அது. கிதாபை ஓதிக்காட்டி அதை நம்மால் கொடுத்திருக்க முடியாது.

மின்சாரம் நின்றபோது வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி நடுவே வைத்தோம். மண்சட்டியில் தணல் வைக்கும் வழக்கமும் உண்டு. மூடிய அறையில் அது குஞ்சுக்கும் மனிதருக்கும் ஆபத்து.

முதல் சில நாட்கள் உமியைத் தின்றுவிடாதிருக்க அதன்மேல் செய்தித்தாள் விரிப்பார்கள். இதில் ஒரு சொல். இறைநாமமும் வசனங்களும் அச்சாகியிருக்கும் தாள்களைப் பார்த்து ஒதுக்கிவிட்டு விரிக்க வேண்டும். அவ்வாறே, கோழி எச்சம் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் நஜீஸே. கூண்டைச் சுத்தம் செய்யத் தனி உடை வைத்துக்கொண்டால் தொழுகை நேரத்தில் சங்கடமில்லை. தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போடுக, குஞ்சு மூழ்காது. முதல் நாள் சிறிது வெல்லம் கரைத்த நீர். பிறகு உடைத்த மக்காச்சோளமும் கடையில் வாங்கிய குஞ்சுத் தீவனமும் கொடுத்தோம்.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கண்ணில் விட வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் மறுமுறை. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இந்நோய் புகுந்தால் கூண்டில் ஒன்றும் மிஞ்சாது. மருந்துக் குப்பி ஒன்றில் நூறு குஞ்சுகளுக்கும் மேற்பட்ட அளவு இருக்கும். ஆகவே தெருவில் கோழி வளர்ப்போர் அனைவரும் ஒரே நாளில் சேர்ந்து போட்டுக்கொள்வது நலம். அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

இத்தனைக்கும் முதல் இரண்டு இரவுகளில் மூன்று குஞ்சுகள் இறந்தன. வரும்போதே துவண்டிருந்தவை அவை. உரிய பிள்ளைகள் அழுதனர். அப்போது அபூ உமைரின் செய்தியைச் சொன்னோம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அவர், சிறு பிள்ளை. அவர் வளர்த்த சிறு குருவி இறந்து அவர் வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அக்குழந்தையிடம் அக்குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். வேறு வாங்கித் தருகிறேன் என்று பேச்சை மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். மதரஸாவின் பின்புறம் குழி தோண்டிப் புதைத்தோம்.

மூன்றாம் வாரத்தில் வேறொரு கலக்கம். “என் பச்சைக் குஞ்சைக் காணோம்” என்று ஒரு சிறுமி தேம்பினாள். காணாமற்போகவில்லை. சாயம் பூசிய பஞ்சு உதிர்ந்து, எல்லாவற்றுக்கும் வெள்ளை இறகு முளைத்துவிட்டது. எது பச்சை, எது ஊதா என்று நமக்கும் தெரியவில்லை. ஒன்பதையும் பொதுவில் வைத்தோம். அதன் பின் சண்டையில்லை.

ஆறாம் வாரத்தில் பல்பை அணைத்தோம். மூன்று மாதத்தில் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டின. ஒன்பதும் சேவல். அப்போது அச்சிறுமியே கேட்டாள்: “நாமதானே காப்பாத்தினோம் ஹஜ்ரத், நாமளே அறுக்கலாமா?” கேள்வி எளிதன்று. ஹலால் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. உயிரினங்களும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று சூரா அல்அன்ஆமின் 38ஆம் வசனம் அறிவிப்பதையும், அறுக்கும்போதும் அழகிய முறையைக் கடைப்பிடிக்கப் பணிக்கும் நபிமொழியையும் அவளுக்கு விளக்கினோம். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். பிராணியின் கண்முன் தீட்டலாகாது. ஒன்றின் முன் மற்றொன்றை அறுக்கலாகாது. அவன் அனுமதித்ததால் உண்கிறோம். நம் உடைமை என்பதால் வதைக்க உரிமையில்லை. அவள் சிறிது நேரம் யோசித்து, “அப்போ நான் திங்கல, மத்தவங்க திங்கட்டும்” என்றாள். அதுவும் அனுமதிக்கப்பட்டதே என்றோம்.

ஏழு சேவல்களை அறுத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் இரண்டு ஏழைக் குடும்பங்களுக்கும் பங்கிட்டோம். இரண்டை அச்சிறுமி தன் நன்னிம்மாவின் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டாள்.

தகர வளையமும் பஞ்சாரமும் பின்னறையில் இருக்கின்றன. பிள்ளைகள் குஞ்சு வாங்கிவந்துவிட்ட வீட்டார் எவரும் வந்து எடுத்துச் செல்லலாம். குண்டு பல்பு மட்டும் தாங்களே தேடி வாங்கிக்கொள்க.