பார் என்றே எழுது

தூத்துக்குடி

அன்புள்ள ஜெனிட்டாவுக்கு,

நீ மொழிபெயர்த்து அனுப்பிய பக்கங்களை நேற்று ராத்திரியே படித்து முடித்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது, மகளே. ஒரே ஒரு சொல்தான் உறுத்துகிறது. ‘பேர்ல் பேங்க்’ என்று வருகிற இடத்திலெல்லாம் ‘முத்துக் கரை’ என்று போட்டிருக்கிறாய்.

உன்மேல் தப்பில்லை. ஆற்றங்கரையும் பேங்க்தான். நம்ம ஊரில் 1921-ல் நாடார் வங்கியாகத் தொடங்கிய மெர்க்கன்டைல் பேங்கும் பேங்க்தான். ஆஸ்பத்திரியில் ரத்தம் சேர்த்து வைக்கிற இடத்துக்கும் அதே பேர். ஆனால் கடலுக்குள் போனால் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. சுற்றியிருக்கிற ஆழத்தைவிட மேடாகக் கிடக்கிற கடலடித் தரையைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன் கொழிக்கிற வாட்ஜ் பேங்க் அந்த வகை.

முத்துச்சிப்பி கிடப்பதும் அப்படியொரு தரையில்தான். கரையிலிருந்து பல மைல் தள்ளி, ஏழெட்டுப் பாகம் ஆழத்தில் இருக்கிறது அந்தக் கல்தரை. சிப்பிக்குஞ்சு நார் மாதிரி ஒன்றை விட்டுக் கல்லைப் பற்றிக்கொண்டுதான் வளரும். வெறும் மணலில் அதற்குப் பிடிமானம் கிடையாது. அந்தக் கல்தரைக்கு நம்ம ஆட்கள் வைத்த பேர் பார். தொள்ளாயிரம் பார் என்று தாத்தா வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பாய்!

மேலே நின்று பார்த்தால் பார் தெரியாது. தாத்தா கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார். மணலில் விழுந்தால் கயிறு சத்தமில்லாமல் தொய்யும். பாரில் விழுந்தால் ‘ணங்’கென்று ஓர் அதிர்வு கயிறு வழியே ஏறி உள்ளங்கைக்கு வரும். சின்ன வயதில் என் கையையும் அந்தக் கயிற்றில் வைத்துக் காட்டியிருக்கிறார். 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் அவர் கல்லோடு இறங்கியபோது மேலே கயிறு பிடித்தது அவருடைய மச்சான். அதன்பிறகு இங்கே முத்துக்குளிப்பு இல்லை. சொல் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் தூண்டில் போடப் போகிறவர்கள் “பாருக்குப் போறோம்” என்றுதான் சொல்கிறார்கள்.

ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற வெள்ளைக்கார அதிகாரிகளே தங்கள் அறிக்கைகளில் தொள்ளாயிரம் பாரைப் ‘பார்’ என்றே எழுதிவைத்தார்கள். அவர்கள் விட்டுவைத்த சொல்லை நாம் தொலைக்கலாமா?

‘முத்துக் கரை’யை அடித்துவிட்டு ‘முத்துப் பார்’ என்று எழுது. முதலில் வருகிற இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் போதும். திருத்திய பக்கங்களைச் சீக்கிரம் அனுப்பு. தாத்தாவுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா