வண்டிக்கும் இமை உண்டு

ஆண்டு மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும் கவிதை எழுது என்றார்கள் சிலர். நட்பைப் பற்றி எழுது என்றார்கள் சிலர். அதற்கெல்லாம் நம் மாணவர்களில் ஆள் இருக்கிறது. நான் எழுதப் போவது வைப்பரைப் பற்றி. ஆமாம் நண்பர்களே, வண்டிக் கண்ணாடியில் மழைத்தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுமே, அதே வைப்பர்தான்! சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

எங்கள் வீடு கரையான்சாவடியில். அப்பா ஓட்டுவது டாடா ஏஸ். ஊர் வழக்கில் ‘குட்டி யானை’. நடுராத்திரி கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி ஏற்றிக்கொண்டு, மதுரவாயல், வானகரம், வேலப்பன்சாவடி வழியாக வந்து, விடிவதற்குள் எங்கள் பக்கத்துக் கடைகளில் இறக்க வேண்டும். அப்பா படித்தது மூன்றாம் வகுப்பு. அம்மா பள்ளிக்கூடத்துக்குள் போனதே என்னைச் சேர்க்கத்தான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் விஷயத்துக்கு இது வேண்டும்.

2023 நவம்பர் கடைசி. மிக்ஜாம் புயலுக்கு முந்தின வாரம். விடிந்தும் அப்பா வரவில்லை. ஏழு மணிக்கு வந்தவர் டீயைக் கையில் வாங்கி, குடிக்காமலே வைத்துவிட்டார்.

“எதிர்ல லாரிக்காரன் லைட்டு அடிச்சான். கண்ணாடி பூரா வெள்ளையாப் பூத்துப் போச்சு. முன்னாடி ஒரு ஆளு சைக்கிள்ல பால் கேன் மாட்டிக்கினு போறான், தெரியவே இல்லடா. பக்கத்துல வந்தப்புறம்தான் பார்த்தேன்.”

பிரேக் பிடித்ததில் தக்காளிப் பெட்டிகள் சரிந்தன. நல்லவேளை, அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. தக்காளி நஷ்டத்தை அப்பாதான் கட்டினார். அது பெரிதில்லை. “கைதான் இன்னும் நடுங்குது” என்றார்.

எனக்கு ஒன்று புரியவில்லை. வைப்பர் பிளேடு போன மாதம்தான் புதிதாக மாற்றியது. மழையில் நனைந்துகொண்டே போய்ப் பார்த்தேன். ரப்பரை விரலால் வளைத்தால் விறைப்பாக நின்றது. பிளேடு வந்த அட்டை உறை டேஷ்போர்டில் கிடந்தது. எல்லாம் ஆங்கிலம். ஒரு மூலையில் பொடி எழுத்தில் தயாரித்த மாதமும் வருடமும் இருந்தன. நாலு வருஷத்துக்கு முந்தினது! வாங்கிய கடையின் பெயர் இங்கே வேண்டாம். பளபளவென்ற உறையைப் பார்த்துப் புதுசு என்று நம்பி, கேட்ட காசைக் கொடுத்திருக்கிறார் அப்பா. அந்தப் பொடி எழுத்தைப் படித்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

வகுப்பில் படித்ததை வைத்து அப்பாவுக்கு விளக்கினேன். பிளேடின் விளிம்பு கண்ணாடியில் நேராக நிற்பதில்லை. போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் சற்றே சாய்ந்து, தண்ணீரை வழித்துக்கொண்டு போகும். திரும்பும்போது விளிம்பு மறுபக்கம் புரள வேண்டும். ரப்பர் இளகி இருந்தால்தான் புரளும். வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரை இறுக வைத்து வெடிக்கச் செய்யும். வெயில் படாத கடை அலமாரியிலும் ரப்பருக்கு வயது ஏறத்தான் செய்யும்.

நம் பக்கத்து வண்டிகளுக்கு இது இரட்டைச் சோதனை. பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். மற்ற மாதங்களில் வைப்பருக்கு எப்போதோ ஒரு நாள் வேலை. வெயில் மட்டும் தினமும். போதாததற்கு, மெட்ரோ ரயில் பாலத்துக்காக எங்கள் சாலையைத் தோண்டிய காலத்தில் பறந்த தூசி! அந்தத் தூசியோடு காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போட்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான். கோடையிலேயே ரப்பர் செத்துவிடுகிறது. நமக்கு அது முதல் மழையில்தான் தெரிகிறது.

வைப்பர் தன் நோயைத் தானே சொல்லும். கண்ணாடியில் மெல்லிய கோடு விழுந்தால் விளிம்பில் அழுக்கு, அல்லது கிழிசல். ‘கடகட’ என்று குதித்து ஓடினால் ரப்பர் இறுகிவிட்டது, அல்லது ஆர்ம் முறுகியிருக்கிறது. ஒரு இடத்தை மட்டும் துடைக்காமல் விட்டால் ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் குறைந்திருக்கும், அல்லது சட்டம் வளைந்திருக்கும். பால் பூத்தது போல் படர்ந்தால் கண்ணாடியில் எண்ணெய்ப் புகை படிந்திருக்கிறது. இதற்குச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரத்துணியால் ரப்பர் விளிம்பைத் துடைத்தாலே பாதி சரியாகும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் மட்டும் தொடவே கூடாது. ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

மறுநாள் புது பிளேடு வாங்க நானும் கூடப் போனேன். அளவு பார்த்தேன், கொக்கி பார்த்தேன், மாதமும் வருடமும் பார்த்தேன். மாட்டும்போது அப்பா எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்தார். ஆர்மைத் தூக்கியதும் கண்ணாடி மேல் ஒரு துணியை நாலாக மடித்துப் போட்டார். “ஸ்பிரிங்கு இழுத்து வெறும் கம்பி அடிச்சா கண்ணாடி போச்சு. ரப்பர் காசை மிச்சம் பண்ணிட்டுக் கண்ணாடிக்கு அழுவணும்” என்றார். இது எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது. பூட்டை அழுத்தி, பிளேடைக் கீழே தள்ளி, கொக்கியிலிருந்து கழற்றினார். புதியதை மேலே இழுத்து ‘க்ளிக்’ சத்தம் கேட்டபிறகுதான் கையை எடுத்தார். “சத்தம் வரலைன்னா மாட்டலைன்னு அர்த்தம்.”

இன்னொன்றும் சொன்னார். “ஆர்மை என்னைக்கும் கையால பக்கவாட்டுல தள்ளாதே.” ஏன் என்று அவருக்குத் தெரியாது, தள்ளினால் கெட்டுப்போகும் என்று தெரியும். மோட்டாருக்குள் வொர்ம் கியர் இருக்கிறது, மோட்டார் ஆர்மைச் சுலபமாகத் திருப்பும், ஆர்ம் மோட்டாரைத் திருப்ப முடியாது, பலவந்தம் செய்தால் இணைப்புக் கம்பி வளையும் என்று நான் சொன்னேன். “அதுக்குப் பேரு வேற இருக்குதா? பேரு தெரியாமலே இத்தினி வருசம் வண்டி ஓட்டிட்டேன் பாரு” என்று சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

அவர் கிளீனராக இருந்த காலத்தில் வைப்பர் நின்றுபோனால் பீடியைப் பிரித்துத் தூளைக் கண்ணாடியில் தேய்ப்பார்களாம். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவி வழியுமாம். இல்லாவிட்டால் ஜன்னல் வழியே கையை நீட்டித் துடைப்பதுதான் வழி.

நூறு வருஷத்துக்கு முன்னாலும் இதே கதைதான் நண்பர்களே! மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி நியூயார்க்கில் பனி கொட்டும் நாளில் டிராமில் போனார். கண்ணாடி மறைத்ததால் ஓட்டுநர் படும் பாட்டைப் பார்த்தார். உள்ளிருந்தே நெம்புகோலால் அசைக்கும் வைப்பரை வடிவமைத்து 1903-இல் காப்புரிமை பெற்றார். 1905-இல் ஒரு கனடா கம்பெனி இதற்கு வியாபார மதிப்பு இல்லை என்று திருப்பி அனுப்பியது. ராபர்ட் கியர்ன்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர் கண் இமைப்பதைப் பார்த்து, 1960-களில் விட்டு விட்டுத் துடைக்கும் வைப்பரை உருவாக்கினார். ஃபோர்டு மீது 1978-இல் வழக்குப் போட்டு 1990-இல் வென்றார். அவ்வளவு தூரம் ஏன், வைப்பர் மோட்டார் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் 1961-இல் தொடங்கியது நம் பாடியில்தான்.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் வைப்பருக்குத் தனி விதி இருக்கிறது. எப்.சி.க்குப் போனால் வைப்பர் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் ஓடுவது வேறு, துடைப்பது வேறு. சைக்கிளில் போகிறவரைக் காப்பாற்றுவது இரண்டாவதுதான்.

இப்போதெல்லாம் அப்பாவின் ஸ்டாண்டில் யார் எந்தச் சாமான் வாங்கினாலும் உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டு வருகிறார்கள். “தம்பி, இதுல இன்னா போட்டுக்குது பாரு.” பார்த்துச் சொல்கிறேன். டிப்ளமோ கையில் வருவதற்கு முன்பே எனக்குக் கிடைத்த வேலை இது. சம்பளம் ஒரு டீ.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பாளி. செப்டம்பரிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவோ மாமாவோ ஓட்டும் வண்டியின் வைப்பரைத் தூக்கி விரலால் ரப்பரை வளைத்துப் பாருங்கள். விறைத்திருந்தால் கடைக்குக் கூடப் போங்கள். உறையைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படித்துச் சொல்லுங்கள். மாட்டுவதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். நம்மைவிட நன்றாக மாட்டுவார்கள். மடித்த துணியை மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு