தாம்பரம் டூ அடையாறு... வழி கடலடி!

கிழக்குத் தாம்பரத்துல வேளச்சேரி பஸ் ஏறுங்க. சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம்னு கடை போர்டுகளா தாண்டி வந்தா, பள்ளிக்கரணையில திடீர்னு 'தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம்'! மூணு பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிற 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கி இவங்க புராஜெக்ட்தான். ஆனா பக்கத்துல இருக்கிறது சதுப்புநிலமும் சீசனுக்கு வர்ற பூநாரைகளும். கடல் எங்கேப்பா?

வேளச்சேரியில பஸ் மாறி அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் வாசல்ல இறங்குங்க. 1954-ல இருந்து இருக்கிற ஆஸ்பத்திரி. கடல் இங்கேயும் இருக்கு, மருந்து பாட்டிலுக்குள்ள!

கடற்பஞ்சுன்னு ஒரு ஜீவன். மூளை கிடையாது, நகராது. பாறையில ஒட்டிக்கிட்டு தண்ணியை வடிகட்டியே சாப்பிடும். (கடைசி பெஞ்ச் நண்பர்கள் கோவிச்சுக்க வேணாம்.) ஓட முடியாததால கெமிக்கல்தான் அதுக்கு ஆயுதம். 1950-களின் தொடக்கத்துல வெர்னர் பெர்க்மன், ஃப்ளோரிடா பக்கத்துக் கடற்பஞ்சு ஒண்ணுல விநோதமான பொருள்களைப் பிடிச்சார். டி.என்.ஏ. கட்டுற செங்கல் மாதிரியே இருக்கும். உள்ளே சர்க்கரை மட்டும் வேற. அதைப் பார்த்து லேப்ல செஞ்சதுதான் 'சைட்டராபின்'. கேன்சர் செல் இதை நிஜச் செங்கல்னு நம்பி எடுத்து வைக்கும்... கட்டடம் அங்கேயே நின்னுடும்!

1970-கள்ல நம்ம நாட்டுல ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள்ல நோய் திரும்பாம நாலு வருஷம் தாண்டினது 20 சதவீதத்துக்கும் கீழே. 1984-ல உருவான 'எம்.சி.பி. 841' சிகிச்சையை அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூணும் கையில எடுத்தப்புறம் அது 45-லிருந்து 60 ஆச்சு. அந்தக் கூட்டு மருந்துல சைட்டராபினும் ஒண்ணு.

அப்ப கடலுக்குள்ள இறங்கி அள்ளிட வேண்டியதுதானேன்னு கேட்டா, ஜப்பான் கணக்கைப் பாருங்க. 600 கிலோ கடற்பஞ்சைப் பிழிஞ்சதுல கிடைச்ச 'ஹாலிகாண்ட்ரின் பி' வெறும் 12.5 மில்லிகிராம். ஒரு அரிசி மணி எடை தேறாது பாஸ்! 1992-ல யோஷிட்டோ கிஷி டீம் அதை லேப்லயே முழுசா கட்டிக் காட்டினதுக்கு அப்புறம்தான் வழி பிறந்தது. அதோட சுருக்கின வடிவம் 'எரிபுலின்', 2010-ல மார்பகப் புற்றுநோய் மருந்தா அமெரிக்காவுல அனுமதி வாங்கிச்சு.

நம்ம மன்னார் வளைகுடாவிலயும் கடற்பஞ்சு ஏராளம். டன் கணக்குல பிடுங்கினா மருந்து வர்றதுக்குள்ள கடல் காலி. ஒரு துண்டு எடுத்து, அமைப்பைப் படிச்சு, மிச்சத்தை ஃபிளாஸ்க்ல கட்டணும். கெமிக்கல், பயோடெக் மக்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட் தேடுறீங்களா?