தலைக்கு 50 ஏக்கர்



சென்ற ஆண்டு அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, ரிச்மண்ட் நகரிலுள்ள வர்ஜீனியா மாநில நூலகத்தில் இரண்டு நாள்களைச் செலவிட்டேன். ஆங்கிலேயர் அங்கே குடியேறிய தொடக்க காலத்து நிலப் பட்டயங்கள் அந்நூலகத்தில் உள்ளன. யோசுவாவின் புத்தகத்தில் வரும் நிலப்பங்கீட்டு அதிகாரங்களை வேகமாகப் புரட்டிவிடும் பழக்கம் எனக்கும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பட்டயங்களை அப்படிப் புரட்ட இயலவில்லை.

1618ஆம் ஆண்டில் வர்ஜீனியா கம்பெனி ஒரு விதியை வகுத்தது. ஒருவர் தம் செலவில் ஓர் ஆளைக் கடல் கடந்து கொண்டுவந்தால், அந்தத் தலைக்கு 50 ஏக்கர் நிலம். வந்தவருக்கு அன்று, கொண்டுவந்தவருக்கு. அந்நூற்றாண்டின் பெரும்பகுதியில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரும் இக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். ஆகவேதான் பல பட்டயங்களில் எல்லைகளின் விவரத்தோடு ஒரு பெயர்ப்பட்டியலும் காணப்படுகிறது. 1630களில் ஜார்ஜ் மெனிஃபி என்னும் வணிகர் பெற்ற பட்டயத்தின் பட்டியலில், 'டோனி, கிழக்கிந்தியர்' என்று ஒரு பெயர் வருகிறது. அவர் எந்தத் துறைமுகத்தில் கப்பலேறினார், யாருடைய மகன் என்று அந்த வரி சொல்லவில்லை. மெனிஃபியின் 50 ஏக்கருக்கு அவ்வளவு விவரம் தேவைப்படவில்லை.

அதே ஏடுகளில் இன்னொருவரைச் சந்தித்தேன். 1621இல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாக வந்திறங்கி, பின்னர் விடுதலை பெற்ற ஆண்டனி ஜான்சன். 1651இல் அவரே ஐந்து தலைகளைக் காட்டி 250 ஏக்கருக்குப் பட்டயம் பெற்றார். பிற்காலத்தில் மேரிலாந்துக்குக் குடிபெயர்ந்து, அங்கே குத்தகைக்கு எடுத்த 300 ஏக்கருக்கு 'டோனியின் திராட்சத்தோட்டம்' என்று பெயரிட்டார். 1670இல் அவர் மரித்தார். அவ்வாண்டிலேயே வர்ஜீனியாவில் ஒரு நடுவர் குழு, அவர் கறுப்பர், ஆகையால் அந்நியர் என்று கூறி, அங்கே அவர் விட்டுச்சென்ற நிலம் அரசைச் சேரலாம் என்று தீர்ப்பளித்தது.

திராட்சத்தோட்டம் என்ற சொல்லைக் கண்டதும் என் உள்ளம் நாபோத்திடம் சென்றது. உங்களில் யாருக்குத்தான் செல்லாது? 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தைக் குறித்துக்கொண்டு, அங்கேயே ஒரு தாளில் பிரசங்கக் குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டேன். ஆகாப், யேசபேல், பொய்ச்சாட்சி என எல்லாம் பொருந்துவதாகத் தோன்றியது.

மறுநாள் வேறொரு பதிவைப் படித்தேன். ஜான் கேசர் என்னும் ஆப்பிரிக்க வேலையாள், தம் ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஆண்டனி ஜான்சன் தம்மை விடவில்லை என்று முறையிட்டிருக்கிறார். 1655இல் வழக்குமன்றம் ஜான்சனின் பக்கம் தீர்ப்பளித்து, கேசரை வாழ்நாள் முழுவதும் அவருக்கே உரியவராக்கியது. தாமே அடிமையாயிருந்து அதன் வேதனையை அறிந்த மனிதர்! அவரை நாபோத் என்று எப்படிப் பிரசங்கிப்பேன்? அன்றியும், அந்த நிலமெல்லாம் முன்னே ஆங்கிலேயருடையதும் அல்ல, ஜான்சனுடையதும் அல்ல. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடி மக்களுடையது. மெய்யான நாபோத்துகள் அவர்களே என்றால், அவர்களுக்கு அந்த ஏடுகளில் ஒரு பட்டயமும் இல்லை. குறிப்புத் தாளை மடித்து வைத்தேன்.

பட்டயங்களைவிட என்னை அதிகமாகத் தொட்டவை குடும்ப வேதாகமப் பக்கங்கள். அக்காலத்து வேதாகமங்களில் மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் இடையே பிறப்பு, விவாகம், மரணம் ஆகியவற்றை எழுதுவதற்கு வெற்றுப் பக்கங்கள் இருக்கும். விடுதலைப் போரில் பணியாற்றிய வீரர்களின் விதவைகளுக்கு ஓய்வூதியம் தரும் சட்டம் 1836இல் வந்தபோது, விவாகத்தை நிரூபிக்கச் சான்று கேட்டார்கள். பலரிடம் வேறு சான்று இல்லை. ஆகவே தங்கள் வேதாகமத்திலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அப்பக்கங்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதிர்ந்த வயதில் ஒரு தாய், தன் பிள்ளைகளின் பெயர்களைத் தான் எழுதிவைத்த தாளைக் கிழிக்கும்போது அவளுடைய கை எப்படி நடுங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

ரிச்மண்ட் நூலகத்திலும் இத்தகைய வேதாகமப் பதிவுகள் ஏராளம். சில குடும்பங்கள் தங்கள் அடிமைகளின் குழந்தைகள் பிறந்த நாளையும் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். அக்கறையால் எழுதினார்களோ, உடைமைக் கணக்காக எழுதினார்களோ, பல இடங்களில் என்னால் பிரித்தறிய முடியவில்லை.

ஊர் திரும்பியதும் என் தகப்பனாரின் வேதாகமத்தை எடுத்தேன். முன் அட்டைக்குப் பின்னால் அவருடைய கையெழுத்தில் எங்கள் அனைவரின் பெயர்களும் உள்ளன. மூன்று மாதம் மட்டுமே வாழ்ந்த என் தம்பியின் பெயரும் உண்டு. எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சமைத்து, என்னைத் தூக்கி வளர்த்த ஆயாவின் பெயர் அதில் இல்லை. எழுதிச் சேர்க்கலாம் என்று பேனாவைத் திறந்த பிறகுதான், அவர்களுடைய பெயர் எனக்கே தெரியாது என்பதை உணர்ந்தேன். அக்காவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "ஆயான்னுதானே தம்பி கூப்பிடுவோம்" என்றார்கள்.

ஆயாவின் மகள் வயிற்றுப் பேரன் பக்கத்து ஊரில் இருப்பதாக அக்கா சொன்னார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை போகிறேன்.