இறைவன் சித்தம் என்று சொல்லுமுன்

பேறுகாலத்தில் மரித்த பெண்ணை அடக்கம் செய்யும் வேளையில், 'எல்லாம் இறைவன் சித்தம்' என்று சொல்லித் தேற்றுவது நம்மிடையே வழக்கம். அச்சொல்லை நாம் அத்தனை எளிதில் சொல்லலாமா?

தொடக்கநூல் காட்டும் ராகேலை நினைவுகூர்வோம். எப்ராத்துக்குச் செல்லும் வழியில் பென்யமினைப் பெற்று அவள் உயிர் துறந்தாள். உடனிருந்த மருத்துவச்சி அவளுக்குத் தைரியம் சொன்னாள். அதற்குமேல் செய்ய அவளிடம் ஒன்றுமில்லை.

நம் திருவண்ணாமலைக்குக் கிழக்கே, திண்டிவனத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரே இரவில் மூன்று பெண்கள் இவ்வாறே மாண்டனர். ஆண் மருத்துவர் பார்க்கக் குடும்பத்தார் இசையவில்லை. பெண் மருத்துவரோ இல்லை. அதைக் கண்ட இளம்பெண் ஐடா ஸ்கடர் அந்த இரவையே தம் அழைத்தலாக ஏற்றார். தாம் மருத்துவரானதோடு நில்லாமல், பிறரையும் பயிற்றுவிக்க 1918-இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

நம் திருச்சபையில் அருள்சகோதரியர் மகப்பேறு மருத்துவம் பார்ப்பதற்கு நெடுங்காலம் தடை இருந்தது. 1920-இல் குண்டூர் வந்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, துறவியாய் இருந்துகொண்டே மருத்துவம் பார்க்கத் தனி அனுமதி பெறவேண்டியிருந்தது. 1936-இல் உரோமை அத்தடையை நீக்கியது. தாயின் உயிர் காக்கும் கல்வியும் துறவுக்கு உகந்ததே என்பது தெளிவாயிற்று.

பேற்றின்பின் குருதி பெருகினால் சிறிது நேரத்தில் உயிர் பிரிந்துவிடும். மகப்பேறு வல்லுநர், மயக்க மருந்து வல்லுநர், இரத்த வங்கி ஆகியவை நள்ளிரவிலும் ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். தமிழக அரசு, பட்ட மேற்படிப்பு இடங்களில் ஒரு பங்கைத் தன் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கி வல்லுநரைப் பெருக்கியது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இருபத்து நான்கு மணி நேர அவசர மகப்பேறு மையங்களை நிறுவியது. இவற்றோடு பிற முயற்சிகளும் சேர்ந்து பயன் தந்தன. தமிழகத்தில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2001–03-இல் 134 தாய்மார் இறந்தனர். 2018–20-இல் அது 54 ஆயிற்று. அன்று இறைவன் சித்தம் எனப்பட்ட சாவுகளில் பல, உண்மையில் மருத்துவர் இல்லாக் குறையே!

ஆயினும், நகரில் வல்லுநர் இருப்பது சவ்வாது மலைச் சிற்றூரில் வலி கண்ட பெண்ணுக்குப் போதுமா? அவள் உரிய நேரத்தில் வந்துசேர வேண்டும். பிரசவ அறையில் கடுஞ்சொல் கேளாதிருக்கவும் வேண்டும். ராகேலுக்குக் கிட்டாத திறமை இன்று கிட்டியுள்ளது. அவளுக்குக் கிட்டிய ஆறுதல் மொழியை நாம் இழந்துவிடலாகாது.

ஆகவே, அன்பர்களே, கருவுற்ற சகோதரியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் அவளருகே இருக்கவும் நம் பங்குகள் முன்வரட்டும். செய்யக்கூடியதை எல்லாம் செய்தபின்னரே, இறைவன் சித்தம் என்று நம் நாவு சொல்லட்டும்.