முரசுக்கு ஓர் ஒட்டு

நிறைவிழா மலருக்குப் பழைய மாணவர் எழுதும் கட்டுரைகள் எவை பற்றியனவாக இருக்கும் என்பதை அன்பர்கள் நன்கு அறிவர். விடுதிச் சாப்பாடு, கணித ஆசிரியரின் பிரம்பு, ஓர் ஓட்டத்தால் இழந்த துடுப்பாட்ட வெற்றி என்பன முந்திக்கொள்ளும். அவற்றை நம்மினும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். ஆதலால் மலர்க் குழுவினர் கேட்டபோது, முரசைப் பற்றி எழுதுவோம் என்றோம். கல்லூரி வாத்தியக் குழுவின் முரசென எண்ணி அவர்கள் மகிழ்ந்தனர் போலும். நாம் குறித்தது வாயிலுள்ள முரசை. தமிழகத்தார் ஈறு என்பதை யாழ்ப்பாணத்தார் முரசு என்றே வழங்குவர். போர்க்களத்தில் அதிர்ந்ததும் பல்லைத் தாங்கி நிற்பதும் நமக்கு ஒரே சொல்லாயின.

கோப்பாயில் வாழும் நமக்கு ஆசிரியத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றபின் எஞ்சிய பணி ஒன்றே. அது ஊர்க் கோயிலில் நடைபெறும் கந்தபுராண படனம். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர். நாம் வாசிப்போர் வரிசையில் நெடுங்காலம் இருந்து வருகின்றோம். சென்ற ஆண்டு கீழ்வாயின் முன்பற்கள் இரண்டில் முரசு கீழிறங்கி, வேர் மஞ்சளாய் வெளிப்பட்டது. கிணற்றுத் தண்ணீர் பட்டாலும் கூசிற்று. யாழ்ப்பாணத்திற் பார்த்த பல் வைத்தியர் சிறு கோலால் அளந்து, நான்கு மில்லிமீற்றர் என்றார். அளவு சிறிதாயினும் அவர் கவலைக்குக் காரணம் வேறு. எலும்போடு இறுகப் பொருந்திய கெட்டி முரசு என்றும், அதற்கு அப்பால் உதட்டோடு சேர்ந்து அசையும் மென்றோல் என்றும் இரண்டு உண்டு. நமக்குக் கெட்டி முரசு அவ்விரு பற்களின் முன்னே முற்றாக அற்றுப்போய், உதடு அசையுந்தோறும் மென்றோல் இழுபட்டுக்கொண்டிருந்தது. அப்பற்கள் தாடையெலும்பின் விளிம்பைச் சற்றுத் தாண்டி நிற்பன; முன்புற எலும்பு மெல்லிது; பிறவி அமைப்பு என்றார். இப்படியே விட்டால் பற்கள் ஆடும், பின்னர் விழும் என்பதையும் மறைக்கவில்லை.

செய்தி பரந்ததும் காரணம் கூற வந்தோர் பலர். புகையிலைதான் என்றார் ஒருவர். நம் பாட்டனார் காலத்திற் கோப்பாய்த் தோட்டங்களிற் புகையிலை மணந்தது உண்மையே; ஆயினும் நாம் சுருட்டும் அறியோம், வெற்றிலையும் போடோம். புகையிலையை ஒரே கொடுப்பில் அடக்கி வைத்திருப்போர்க்கு அவ்விடத்து முரசு கரைவதும், புகைப்போர்க்கு ஒட்டுச் சதை எளிதிற் பொருந்தாமையும் மெய். உமிக்கரியைக் கைவிட்டுப் பற்றூரிகை பிடித்ததால் வந்த வினை என்றார் இன்னொருவர். உமிக்கரியும் அழுத்தித் தேய்த்தால் அரம்தான்.

இக்காரியத்தில் உலகம் முழுவதும் எடுத்துக்காட்டும் ஆராய்ச்சி ஒன்று நம் நாட்டிலேயே, நம்மவர் வாயிலேயே நடந்தது என்பதைப் பலர் அறியார். ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டு அறிஞரும் அவர் குழுவினரும் 1969இல் ஒஸ்லோ நகரில் மாணவரும் கல்விமான்களுமாகிய 565 ஆடவரின் வாயைச் சோதித்தனர். மறு ஆண்டு, 1970இல், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளரைச் சோதித்தனர். முன்னவர் சிறுவயது முதல் பல் வைத்தியரைக் கண்டவர். பின்னவர் பற்றூரிகையே அறியாதவர். இரு சாராரையும் ஆண்டுகள் பல தொடர்ந்து பார்த்தனர். தோட்டத்தாருள் முப்பது வயதில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும், நாற்பதில் எல்லோருக்கும் முரசு இறங்கியிருந்தது. அழுக்கு கல்லாய் இறுகிப் பல்லின் எல்லாப் பக்கமும் அரித்தது. இது எவரும் எதிர்பார்ப்பதே. வியப்பு மற்றையோரிடத்தில். ஒஸ்லோ நகரத்தாரில் இருபது வயதிலேயே நூற்றுக்கு அறுபது பேருக்கு முரசு இறங்கியிருந்தது. ஐம்பதை அணுகும்போது தொண்ணூற்றுக்கு மேல். ஆனால் அவர்க்கு இறங்கியது பெரும்பாலும் வெளிப்பக்கம் மட்டும், அதாவது தூரிகை ஓங்கி விழும் பக்கம். கவனியாமையும் முரசைத் தின்னும், மிகுந்த கவனமும் தின்னும் என்பது இவ்வாறு புலப்பட்டது. அந்த 480 பேரின் வாயை அறிவுலகம் பதினைந்து ஆண்டுகள் பார்த்து எழுதியது. அவ்வறிவின் பயனை நாம் இன்று பேராதனையில் நாற்காலியிற் சாய்ந்து பெறுகின்றோம். அவர்க்கு அதனால் விளைந்தது என்ன என்னும் கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை.

பேராதனை என்றோம். இலங்கையிற் பல் வைத்தியக் கல்வி 1943இல் கொழும்பில் தொடங்கி, 1954இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. யப்பான் நாட்டு உதவியோடு கட்டிய பெரிய பல் வைத்தியசாலை இன்று அங்கே உள்ளது. யாழ்ப்பாணத்து வைத்தியர் தந்த கடிதத்தோடு, சித்திரையில், கண்டி வீதியின் 321 கிலோமீற்றரையும் இரவு பஸ்ஸிற் கடந்து சென்றோம்.

அங்கே நமக்கு மொழித்துணையாக வாய்த்தவர் நம் கல்லூரியின் மிக இளைய பழைய மாணவர் ஒருவர். பல் வைத்தியம் கற்பவர். செய்யப்போவதைத் தமிழில் விளக்கத் தொடங்கி, மூன்றாவது வாக்கியத்தில் ஆங்கிலத்திற் புகுந்துவிட்டார். அவரைக் குறை கூறோம். ஆயினும் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணியாற்றிய கிறீன் வைத்தியர் தமிழிலேயே வைத்தியம் கற்பித்ததும், 1867இல் ‘இரண வைத்தியம்’ என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டதும் நினைவுக்கு வந்தன. அமெரிக்கர் ஒருவர் அன்று மெனக்கெட்டுத் தேடிய சொற்களை நாம் எங்கே வைத்தோமோ?

‘ஒட்டு’ என்ற சொல்லை மட்டும் இளைஞர் விடவில்லை. கோப்பாயார்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை. கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று வைக்காத வளவு அருமை. மாங்கன்றில் ஒட்டுவது இருவகை. தாய்மரத்துக் கொப்பை அறுக்காமலே கன்றோடு சேர்த்துக் கட்டி, பொருந்தியபின் அறுப்பது ஒன்று. கொப்பை முதலிலேயே அறுத்தெடுத்து ஒட்டுவது மற்றொன்று. சுசுருதர் கன்னத்துச் சதையை அடி அறாமல் திருப்பி மூக்கு அமைக்கக் கூறிய முறை முன்னையதை ஒக்கும். நமக்குச் செய்தது பின்னையது. அண்ணத்திலிருந்து சதையை முற்றாக அறுத்தெடுத்து முரசில் வைக்கும் இம்முறையைச் சுவீடன் நாட்டுப் பியோர்ன் என்பார் 1963இல் எழுதினார். அமெரிக்கராகிய சலிவன், அட்கின்ஸ் இருவரும் 1968இல் விரிவாக வகுத்தனர். மேற்றோலை விட்டு உள்ளிழையத்தை மட்டும் எடுக்கும் வேறொரு முறையும் 1985 முதல் வழக்கில் உள்ளது.

சத்திர சிகிச்சையில் நோவு என்று கூறத்தக்கது அண்ணத்தில் ஏற்றிய விறைப்பூசி ஒன்றே. மற்றவை எல்லாம் காதாற் கேட்டவை. முதலிற் கீழ்வாயில் இடத்தைச் சீவிப் பதப்படுத்தினர். பின்னர் மெல்லிய ஈயத்தாளை அவ்விடத்தின் வடிவுக்கு வெட்டி, அதனை அண்ணத்தில் வைத்து, சட்டை தைப்பவர் கடதாசி அளவு வைத்துத் துணி வெட்டுவதுபோல அளவாகச் சதையை எடுத்தனர். தடிப்பு ஒன்றரை மில்லிமீற்றர். புதிய இடத்தில் வைத்து, மயிரினும் மெல்லிய நூலால் தைத்து, நனைத்த துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தனர். அடியில் இரத்தம் கட்டியாய்த் தேங்கினால் ஒட்டுப் பொருந்தாதாம். அண்ணத்துப் புண்ணுக்கு முன்னரே அளவெடுத்துச் செய்த தகடு ஒன்றை மாட்டினர்.

விடைபெறும்போது இளைஞர் கூறிய சொல் மறக்கத்தக்கதன்று: “சேர், பள்ளிக்கூடத்தில நீங்கள் பிள்ளையளைப் பேசாமல் இருக்கச் சொன்னனீங்கள்தானே. இப்ப இரண்டு கிழமைக்கு உங்கட முறை.”

பேசாமை ஏன் என்பதை அறிந்தபின் கடைப்பிடித்தல் எளிதாயிற்று. அறுத்தெடுத்த சதைக்கு முதல் இரண்டு மூன்று நாள் இரத்தக் குழாய் கிடையாது. அடியிலுள்ள புண்ணில் ஊறும் நீரே அதன் உணவு. அதன்பின் அடியிலிருந்து நுண்ணிய குழாய்கள் துளிர்த்து உட்புகும். இவ்விடைக்காலத்தில் உதடு ஒருமுறை பலமாக இழுபட்டால் துளிர்த்தது அறும். பல்லின் வேர்மீது கிடக்கும் பகுதிக்கோ அடியில் ஊற்றே இல்லை. பக்கத்துச் சதை ஊட்டியே அது பிழைக்க வேண்டும். ஆதலால் உறிஞ்சிக் குடித்தல் ஆகாது, காறித் துப்புதல் ஆகாது, அவ்விடத்திற் பற்றூரிகை ஆகாது. மருந்து நீரை வாயில் நிறுத்திச் சாயவிடுதல் மட்டும்.

இல்லாளின் ஆட்சியில் முதல் இரண்டு நாளும் மோரும் ஆறிய கஞ்சியும். பின்னர் இடியப்பத்தைச் சொதியிற் கரைத்து ஒரு கிழமை. ஒன்பதாம் நாள் அயலார் பெரிய சருவத்தில் மரக்கறிக் கூழ் காய்ச்சி, அன்பு மேலீட்டால் நமக்கும் ஒரு செம்பு அனுப்பினர். ஒடியல் மணமும் மிளகாய் மணமும் விறாந்தை வரை வந்தன. நாம் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டோம்.

மூன்றாம் நாள் ஒட்டு வெளிறிப் பிணத்தோல் போலாயிற்று. நாலாம் நாள் மேற்புறம் உரிந்தது. செத்துவிட்டது என்றே முடிவு செய்தோம். பேரன் படமெடுத்துக் கைத்தொலைபேசியிற் பேராதனைக்கு அனுப்ப, மேற்றோல் உரிவது வழமை, அடியிலுள்ளது உயிரோடு இருக்கும் என்று பதில் வந்தது. அதன்பின்னும் நாளுக்குப் பத்துமுறை கண்ணாடி முன் நின்றோம். “இஞ்சாருங்கோ, உதட்டை இழுத்து இழுத்துப் பாத்தால் அது எப்பிடி ஒட்டும்?” என்று இல்லாள் கண்ணாடியையே எடுத்து ஒளித்துவிட்டார். ஏழாம் நாள் வெண்மையினூடே செந்நிறப் புள்ளிகள் தோன்றின.

இதற்குள் நாம் தொல்காப்பியத்துப் பிறப்பியலை வாயாலே கற்றுக்கொண்டிருந்தோம். எழுத்துப் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றையெல்லாம் கூறியவர், முரசை ஏனோ விட்டார். பகர மகரத்துக்கு உதடு கூட வேண்டும், அது தடை. டகரம், ணகரம், ளகரம், ழகரம் எல்லாம் நா நுனி அண்ணத்தைத் தீண்டப் பிறப்பன. அங்கோ தகடும் புண்ணும். நமக்கென எஞ்சியவை அடிநாவிற் பிறக்கும் ககரமும் ஙகரமும். அவ்விரண்டால் என்ன பேசுவது? பேரனின் பழைய கொப்பியில் எழுதிக் காட்டினோம். அயலில் வாதாட வந்த அன்பர் ஒருவர், நாம் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கப் பொறுமையின்றி, நம் கட்சியையும் தாமே பேசி, தாமே ஒப்புக்கொண்டு சென்றார்.

பதினான்காம் நாள் யாழ்ப்பாணத்து வைத்தியர் தையல் பிரித்தார். அண்ணத்துப் புண் நான்கு கிழமையில் மூடிற்று. வைகாசி பிறந்து வளவிற் கறுத்தக்கொழும்பான் பழுத்தபோது அதன் சாறு நமக்கு அனுமதிக்கப்பட்டது. புதிய தூரிகை ஒன்றும் தரப்பட்டது. நார் மிக மெல்லிது. முரசிலிருந்து பல்லை நோக்கி உருட்ட வேண்டும், குறுக்கே இழுக்கலாகாது. எழுத்தாணி பிடிப்பதுபோற் பிடியுங்கள், மண்வெட்டி பிடிப்பதுபோல் அன்று என்றார் வைத்தியர்.

ஆறாம் மாதம் மீண்டும் பேராதனையில் அளந்தனர். சிகிச்சையால் மூடிய அளவுக்கு மேலும் அரை மில்லிமீற்றர் முரசு தானே பல்லின்மீது ஏறியிருந்தது. பொருந்திய ஒட்டு இவ்வாறு குழந்தைபோலத் தவழ்ந்து ஏறுவது உண்டாம். ஓராண்டுவரை தொடரக் கூடுமாம். இளைஞர் அதனை அளவுகோலோடு சேர்த்துப் படமெடுத்துக்கொண்டார், தம் பாடத்துக்கு உதவும் என்று.

ஐப்பசியிற் கந்தசட்டிப் படனத்தில் சூரபன்மன் வதைப் படலம் நம் பங்குக்கு வந்தது. இடையில் தண்ணீர் கேளாது வாசித்து முடித்தோம். பயன் சொன்னவர் பின்னர், ழகரம் ஓரிடத்தும் இடறவில்லை என்றார். அண்ணத்தில் ஒரு சிறு பள்ளம் உளது. ழகரம் ஒலிக்கும்போது நா நுனி அதனை இன்னும் தடவிப் பார்த்தே செல்கின்றது.